சைக்கிளினின்று இறங்காதவர்கள்

துரை எதிர்ப்பட்டால் தொழிலாளி சைக்கிளைவிட்டு இறங்குதல் கிள்ளான் தோட்டங்களில் ஒரு காலத்து வழக்கம். துரைக்கு மட்டுமோ? கிராணிக்குங்கூட! சட்டம் விதித்ததன்று, முன்னே சென்றவன் இறங்கினான், பின்னே வந்தவனும் இறங்கினான்.

ஏன் இறங்கவேண்டும் என்ற வினா 1941-இல் எழுந்தது. 'தமிழ் நேசன்' இதழில் பணிபுரிந்த ஆர். எச். நாதனும் கிள்ளான் வட்டார இந்தியர் சங்கத்தாரும் முன்னிற்க, வேலைநிறுத்தம் செய்த தொழிலாளர் கூலியுயர்வோடு அமையாது, துரை முன்னும் கிராணி முன்னும் சைக்கிளில் அமர்ந்தே செல்லும் உரிமையையும் கேட்டனர். முதலாளிக்கு ஒரு காசும் செலவில்லாத இக்கோரிக்கை சிறிதெனத் தோன்றலாம். எமக்கோ இதுவே தலையாயது. கூலியைத் துரை தரவேண்டும். இறங்காதிருக்கவோ அவனவனே துணியவேண்டும். கள்ளுக்கடைகளை மூடுமாறும் கேட்டனர். அண்டை வீட்டான் குடிப்பதால் தானுங் குடிக்கும் லயத்தில் ஒருவன் தனித்து நிற்றல் எளிதோ?

மே 6-இல் நாதன் கைதானார், பின்னர் நாடுகடத்தப்பட்டார். படை வந்தது. தொழிலாளர் ஐவர் மாண்டனர்.

பதினான்கு ஆண்டு கழிந்து, 1955 ஜூலை 27-இல், மலாயாக் கூட்டரசின் முதற் பொதுத்தேர்தல் நடந்தது. வாக்குச்சீட்டிற் குறியிடும் மறைவிடத்தில் துரையுமில்லை, கிராணியுமில்லை. ஆயினும், "நம்மவர் எப்பக்கம்?" என்று கேட்டறிந்த பின்னரே தம் கருத்தைத் தேடுவார் இன்றும் உளர் என்பதைப் பிரிக்பீல்ட்ஸ் உணவுக்கடையொன்றில் அரைநாழிகை அமர்ந்தார் அறிவர்.