கதிரவன் மீது சாட்டிய குற்றம்

வாணியம்பாடியிலிருந்து ஆலங்காயம் வழியே ஜவ்வாது மலையேறுவோர் காவலூர் வானாய்வகத்தைக் காண்பர். அறிஞர் வைணு பாப்பு தெரிந்தெடுத்த அவ்விடத்தில் 1968ஆம் ஆண்டு முதல் விண்மீன்களை ஆராய்ந்து வருகின்றனர். 1986இல் திறக்கப்பெற்ற 2.34 மீட்டர் தொலைநோக்கி அவர் பெயரையே தாங்கி நிற்கின்றது. பாப்பு 1960இல் பொறுப்பேற்றது கொடைக்கானல் ஆய்வகத்தை. அதன் வரலாற்றைத் தேடிச் சென்றாலோ, அது நம்மை ஒரு பெரும் பஞ்சத்தின் முன் கொண்டு நிறுத்துகின்றது.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தை வாட்டிய தாது வருஷப் பஞ்சமே அது. பல இலட்சம் மக்கள் மாண்டனர். வானம் பொய்த்தது ஏன்? சென்னையின் மழைக்கணக்குகளை ஆராய்ந்த வில்லியம் ஹண்டர், கதிரவனில் கரும்புள்ளிகள் குறையுங்கால் மழையும் குறைகின்றது என 1877இல் உரைத்தார். அப்புள்ளிகள் ஏறத்தாழ 11 ஆண்டுக்கொருமுறை பெருகிக் குறைவன. எனவே கதிரவனை இடைவிடாது நோக்க வேண்டும் என்னும் எண்ணம் வலுத்தது. சென்னை வானாய்வகத்தின் பணி 1899இல் கொடைக்கானலுக்குப் பெயர்ந்தது. 1904 முதல் அங்கே கதிரவனின் படங்கள் சேர்ந்து வருகின்றன.

குற்றஞ்சாட்டுவோன் சான்று கொணரல் வேண்டும் என்பது நீதிமுறை. 1904 முதல் 1924 வரை இந்திய வானிலைத் துறையின் தலைவராயிருந்த கில்பர்ட் வாக்கர், புள்ளிகளுக்கும் மழைக்கும் உள்ள உறவைக் கணக்கிட்டு, அது வலுவற்றது எனக் கண்டார். மாறாக, பசிபிக், இந்தியப் பெருங்கடல்களின் மேல் காற்றழுத்தம் ஊசல்போல் மாறுவதை அவர் வெளிப்படுத்தினார். அதனோடு இணைந்த எல் நினோ என்னும் கடல் வெப்பமே 1877இல் மிகக் கடுமையாயிருந்தது என்பதைப் பின்னர் வந்தோர் அறிந்தனர்.

ஆகவே இயற்கை தானே மாறும் என்பதை மறுப்பதற்கில்லை. இந்தியச் சமவெளி முன்பு கடலாயிருந்து ஆற்று வண்டலால் தூர்ந்தது என்று அல்பீரூனி 11ஆம் நூற்றாண்டிலேயே உய்த்துணர்ந்தார். ஆயின், இன்று பூமி சூடேறுவதும் அவ்வாறே இயற்கையின் செயல்தானா? எல் நினோ சில ஆண்டுகளில் வந்து தணிவது. நூற்றாண்டு முழுதும் ஏறிச்செல்லும் வெப்பத்தை அது விளக்காது. கதிரவனோ? 1978 முதல் செயற்கைக் கோள்கள் அதன் ஒளியாற்றலை அளக்கின்றன. புள்ளிச் சுழற்சியால் அது ஆயிரத்தில் ஒரு பங்கே ஏறியிறங்குகின்றது, மொத்தத்தில் உயரவில்லை. பூமியின் வெப்பமோ உயர்ந்துகொண்டே வந்துள்ளது. மேலும், கதிரவனே காரணமாயின் வளிமண்டலம் மேலும் கீழும் ஒருங்கே சூடேற வேண்டும். கீழடுக்கு சூடேற, அதன் மேலுள்ள அடுக்கு மண்டலமோ குளிர்ந்துள்ளது. கரியமில வாயு வெப்பத்தைத் தடுத்து வைப்பதன் அடையாளம் இதுவே. ஆலைகள் பெருகுமுன் காற்றில் பத்து இலட்சத்தில் 280 பங்காயிருந்த அவ்வாயு, நிலக்கரியும் எண்ணெயும் எரிந்ததால் இன்று 420ஐக் கடந்துவிட்டது.

கதிரவன் குற்றமற்றவன் எனத் தீர்ப்பாகிவிட்டது. இனிச் சாட்சிக்கூண்டில் நிற்பவர் நாமே. ஜவ்வாது மலையில் மானாவாரியாகச் சாமை விதைக்கும் மலையாளிப் பழங்குடி மக்கள் எரித்த கரி மிகச் சொற்பம். மழை தவறினால் முதலில் வாடுவதோ அவர்கள் விளைச்சலே. கதிரவனின் செயலை நம்மால் மாற்றவியலாது. நம் செயலை மாற்றவியலும். பழியை வானத்தின் மேல் போட்டு வாளாவிருத்தல் அறிவுடையோர்க்கு அழகன்று.