பம்பாய் பிளேக்கும் மக்கள் எதிர்ப்பும்

1896 செப்டம்பரில் பம்பாய்த் துறைமுகத்தை ஒட்டிய மாண்ட்வியில் மருத்துவர் அகாசியோ வியேகாஸ் கண்டறிந்த பிளேக், அடுத்த கால் நூற்றாண்டில் இந்தியாவில் சுமார் ஒரு கோடிப் பேரைப் பலிகொண்டது. சில மாதங்களுக்குள் லட்சக்கணக்கானோர் நகரை விட்டு வெளியேறினர். 1897 பிப்ரவரியில் அரசு கொள்ளைநோய்ச் சட்டத்தை இயற்றியது. வீடுகளைச் சோதிக்கவும், நோயாளியை வலுக்கட்டாயமாக மருத்துவமனைக்கு இழுத்துச் செல்லவும், உடனிருந்தோரை முகாமில் அடைக்கவும் அதிகாரிகள் துணிந்தனர். மக்கள் எதிர்த்தபோது அதை அறியாமை என்றனர். நடந்தவற்றை அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால் அந்த முடிவு நிலைக்காது.

புனேயில் பிளேக் ஆணையர் வால்டர் ராண்டின் பொறுப்பில் பிரிட்டிஷ் சிப்பாய்கள் வீடுகளுக்குள் புகுந்து சோதித்தனர். பெண்களின் மானத்துக்கும் பூசையறைக்கும் நேர்ந்த இழிவாகவே ஊர் அதைக் கண்டது. 1897 ஜூன் 22 அன்று அதற்குப் பழியாகச் சாபேகர் சகோதரர்கள் ராண்டைச் சுட்டனர். 1898 மார்ச்சில் பம்பாய் நெசவாளர் பகுதியிலும் கலவரம் மூண்டது. ஆனால், அதே பம்பாயில் சாதி, சமயச் சமூகங்கள் தாமே நடத்திய பிளேக் மருத்துவமனைகளை மக்கள் ஏற்றனர். புனே அருகே நோயாளிகளுக்குப் பணிவிடை செய்த சாவித்திரிபாய் புலே அந்நோய்க்கே 1897 மார்ச் 10 அன்று பலியானார். ஹாஃப்கின் உருவாக்கிய பிளேக் தடுப்பூசியை இஸ்மாயிலி முஸ்லிம்களின் தலைவர் மூன்றாம் ஆகா கான் பலர் பார்க்கப் போட்டுக்கொண்டு தம்மைப் பின்பற்றுவோரின் அச்சம் தணித்தார். சிகிச்சை நம்பியவர் கையால் வந்தபோது மக்கள் அதை மறுக்கவில்லை.

உயிர்க்கொல்லி நோயின்முன் கடுமை தவிர்க்க முடியாதது, மருத்துவமனையில் ஆளைக் கொல்கிறார்கள் என்பது போன்ற வதந்திகளுக்கு அரசு பணிய முடியாது என்று வாதிடலாம். வதந்திகள் பொய்தான். ஆனால் உள்ளே போனவர்களில் பெரும்பாலோர் பிணமாகவே திரும்பியதைக் கண்ட ஊரில்தான் அவை வேர்விட்டன. மேலும், எலித் தெள்ளுப்பூச்சியே பிளேக்கைப் பரப்புகிறது என்று 1898இல் பிரெஞ்சு மருத்துவர் சிமோன் காட்டினார். நெறிகட்டும் பிளேக் மனிதரிடமிருந்து நேராகப் பரவுவது அரிது. எனவே, நோயாளியைப் பிரித்தெடுப்பதால் அதன் முதன்மை வழி அடைபடவில்லை. எலி செத்த வீட்டை விட்டு வெளியேறுவதே பயன் தந்தது. ஓடியவர்களோடு நோயும் சில ஊர்களுக்குப் போனது உண்மை. முகாமுக்கு அஞ்சி நோயாளியை ஒளித்ததும் கேடு செய்தது. இதை உணர்ந்த அரசு 1898க்குப் பின் கட்டாயத்தைத் தளர்த்தியது. அதனால் பிளேக் ஒழிந்துவிடவில்லை. பஞ்சாபில் அது பின்னர் இன்னும் கொடுமையாகத் தாக்கியது. ஆயினும் வன்முறையால் ஒத்துழைப்பைப் பெற முடியாது என்பது நிறுவப்பட்டது. 2020இல் கோவிட் பரவியபோது இந்தியா மீண்டும் கையிலெடுத்தது இதே 1897ஆம் ஆண்டுச் சட்டத்தைத்தான். அரசின் அதிகாரத்தையும் மீறுவோருக்கான தண்டனையையும் சொல்லும் அச்சட்டம், அடைத்துவைக்கப்பட்டவருக்கு அரசு என்ன கடன்பட்டிருக்கிறது என்று சொல்வதில்லை. பம்பாய் தந்த பாடத்தில் எழுதப்படாமல் நிற்கும் பகுதி அதுவே.