உப்புத்தண்ணி ஊரில் ஓடிய அம்பாசிடர்கள்

தர்மபுரிப் பக்கம் டாக்சிகள் எப்படி அத்தனை வருஷம் ஓடின என்று கேட்பவர்களிடம் இரும்பைப் பற்றிச் சொல்வதற்கு முன்னால் தண்ணீரைப் பற்றித்தான் சொல்வேன். இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃப்ளோரைடு அதிகம். பல்லில் காவிக்கறை ஏறிய பிள்ளைகள் இல்லாத ஊர் என் சின்ன வயதில் குறைவு. அதற்காகத்தான் ஜப்பான் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது, 2013இல் திறந்தார்கள். பல்லைக் கெடுத்தது ஃப்ளோரைடு என்றால், இன்ஜினைக் கெடுத்தது அதே கிணற்றுத் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு. ரேடியேட்டரில் ஊற்றிய உப்புத்தண்ணி சூடேறச் சூடேற அந்தச் சுண்ணாம்பு பிளாக்குக்குள் ஒட்டிக்கொள்ளும். பம்ப் முன்பக்கம் இருக்கிறது; கடைசி சிலிண்டரைச் சுற்றித்தான் படிவு கனமாக இருக்கும். நான் வேலை பழகிய பட்டறையில் பிளாக்கின் பக்கவாட்டு மூடியைக் கழற்றி ஸ்குரூடிரைவரால் குத்துவோம். வெள்ளைச் சில்லுகள் கை நிறைய உதிரும். அந்த இடத்தில் சூடு வெளியேற வழி இல்லாமல் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும், ஹெட் கேஸ்கட் போகும்.

என் அப்பா தர்மபுரி பஸ் ஸ்டாண்டு பக்கம் அம்பாசிடர் டாக்சி ஓட்டினார். ஒகேனக்கல் சவாரி கிடைத்தால் டிக்கியில் காலி கேன்களைப் போட்டுக்கொள்வார். வந்தவர்கள் எண்ணெய் தேய்த்துக் குளித்து, பரிசல் ஏறி, மீன் சாப்பிட்டு முடிப்பதற்குள் கேன்களில் காவிரித் தண்ணீர் நிரம்பியிருக்கும். அது வண்டிக்கு. மழைக்காலத்தில் ஓட்டுத் தாழ்வாரத்தில் அண்டா வைத்துப் பிடிப்பதும் வண்டிக்குத்தான். "நாம குடிக்கிறத அது குடிச்சா செத்துப்போயிரும்டா" என்பார். அவர் ஓட்டிய காரின் மீட்டரில் ஐந்து இலக்கம்தான். லட்சத்தைத் தொட்டால் மறுபடி சைபரிலிருந்து ஆரம்பிக்கும். எத்தனை முறை சுற்றியது என்பதை டேஷ்போர்டுக்கு அடியில் சாக்பீஸால் கோடு போட்டு வைத்திருந்தார்.

சேலத்திலிருந்து பிரிந்து தர்மபுரி தனி மாவட்டம் ஆனது 1965 அக்டோபர் 2ஆம் தேதி. கிருஷ்ணகிரி, ஓசூர் எல்லாம் அப்போது இதற்குள்தான். 2004இல்தான் கிருஷ்ணகிரி தனியாகப் போனது. மேற்கே ஒகேனக்கல், கிழக்கே சித்தேரி மலை, தெற்கே தொப்பூர் கணவாய், வடக்கே கர்நாடகம் என்று விரிந்து கிடந்த மாவட்டத்தில் அவசரத்துக்கு வாடகைக் கார்தான். பிரசவம், கல்யாணம், சாவு, தீர்த்தமலை வேண்டுதல், சேலம் ஆஸ்பத்திரி எல்லாவற்றுக்கும் கூப்பிட்டது அம்பாசிடரைத்தான்.

அந்தக் கார் இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு. அதை இந்துஸ்தான் மோட்டார்ஸ் வங்காளத்து உத்தர்பாராவில் 1950களின் கடைசியில் அம்பாசிடர் என்ற பெயரில் செய்ய ஆரம்பித்து, 2014 மே மாதம் வரை செய்தது. இடையில் முகப்பு மாறியது, விளக்கு மாறியது, கை கியர் போய்த் தரை கியர் வந்தது. ஆனால் முன்னால் டார்ஷன் பார், பின்னால் பட்டை ஸ்பிரிங், அந்த உருண்ட கூடு ஆகியவை அப்படியே இருந்தன. பழமைவாதம் என்று பலர் கேலி செய்தார்கள். எனக்கு அது பெரிய வரமாகத் தெரிந்தது. இருபது வருஷத்துக்கு முந்தைய வண்டிக்கு நேற்று வந்த வண்டியின் உதிரி பாகம் பொருந்தும். சேலத்தில் கிடைக்காவிட்டால் சென்னை புதுப்பேட்டையில் கிடைக்கும். ஒரு பாகம் இல்லை என்பதற்காக ஒரு அம்பாசிடரையும் நாங்கள் கைவிட்டதில்லை.

டீசல் அம்பாசிடர் பரவியது 1980களில். 1489 சிசி, 37 குதிரைத்திறன். இன்றைய சின்னக் கார்களுக்குக்கூட அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு சக்தி உண்டு. தொப்பூர் ஏற்றத்தில் ஆறு பேரை வைத்துக்கொண்டு இரண்டாவது கியரில் முனகிக்கொண்டு ஏறும். அந்த நிதானமும் ஆயுளுக்கு ஒரு காரணம். பெட்ரோல் வண்டி வைத்திருந்தவர்கள் பலர் மேட்டடார் வேனின் டீசல் இன்ஜினை அதில் ஏற்றி ஓட்டினார்கள். மவுன்டிங் வெட்டி ஒட்ட வேண்டும், கிளட்ச் பொருத்தம் பார்க்க வேண்டும், அதெல்லாம் தனிக் கைவேலை.

இன்ஜின் தேய்ந்தால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் விரித்துச் சொல்கிறேன். ரிங்கும் போரும், அதாவது சிலிண்டரின் உட்சுவரும், தேய்ந்ததும் வண்டி ஆயில் குடிக்கும், புல்லிங் குறையும், ஆயில் ஊற்றுகிற மூடியைத் திறந்தால் புகை குப்பென்று அடிக்கும். பேக் கம்ப்ரஷன் என்போம். ஹெட்டை இறக்கியதும் மேஸ்திரி மைக்ரோமீட்டரைத் தேட மாட்டார். போரின் மேல் விளிம்புக்குச் சற்றுக் கீழே நகத்தை வைத்து மேல்நோக்கி இழுப்பார். ரிங் போகாத இடத்தில் இரும்பு தேயாமல் நிற்கும். அந்தத் திட்டில் நகம் தட்டும். எவ்வளவு தட்டுகிறது என்பதை வைத்தே 20 சைஸா 40 சைஸா என்று சொல்லிவிடுவார். 20 சைஸ் என்றால் ஒரு அங்குலத்தில் ஆயிரத்தில் இருபது பங்கு, அரை மில்லிமீட்டர். அந்த அளவுக்கு போரை அகலமாக்கிப் பெரிய பிஸ்டன் போட்டால் இன்ஜின் மறுபடி புதுசு. அடுத்த முறை 40. அதற்கும் மேல் போனால் ஸ்லீவ் அடித்து, பழைய அளவுக்கே கொண்டுவந்து முதலிலிருந்து தொடங்கலாம். கிராங்கையும் இப்படியே கிரைண்டிங் பண்ணி சைஸ் பேரிங் போடுவோம். கனத்த வார்ப்பிரும்பு பிளாக் என்பதால்தான் இது முடிந்தது. அந்த இன்ஜினை வரைந்தவர்கள் அது ஒருநாள் தேயும் என்று எண்ணி, தேய்ந்த பிறகு அறுக்க வேண்டிய சதையையும் சேர்த்தே வார்த்திருக்கிறார்கள். அவர்கள் மேல் எனக்கு இன்றும் மரியாதை.

இன்ஜினைத் தேய்ப்பதில் தண்ணீருக்கு அடுத்த எதிரி புழுதி. அரூர், பாப்பிரெட்டிப்பட்டி, பென்னாகரத்து மண் சாலைகளில் ஓடிய வண்டியின் ஏர் கிளீனர் சட்டியைக் கழற்றினால் ஆயிலுக்கு அடியில் செம்மண் குழம்பு அரை விரல்கடை நிற்கும். விரலால் தேய்த்தால் நறநறவென்று இருக்கும். அந்த மணல் உள்ளே போயிருந்தால் ரிங்கை அரைத்திருக்கும். சட்டியைக் கழுவி ஆயில் மாற்றக் கால் மணி நேரம்தான் ஆகும். அதைச் செய்தவரின் வண்டியும் செய்யாதவரின் வண்டியும் ஒரே நாளில் வாங்கியதாக இருந்தாலும், பட்டறைக்கு வருகிற இடைவெளி இரண்டு மடங்கு மாறும்.

ஒரு கெட்ட பழக்கத்தையும் சொல்ல வேண்டும். வண்டி சூடாகிறது என்றால் எங்கள் பக்கம் உடனே தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவார்கள். நோய் உப்பில் இருக்கும், தண்டனை தெர்மோஸ்டாட்டுக்கு. அது இல்லாவிட்டால் இன்ஜின் தேவையான சூட்டுக்கு வரவே நேரமாகும், ஆயில் இளகாது, குளிர்ந்த போரில் ரிங் உரசிக்கொண்டே ஓடும். ஒரு இன்ஜினை அதிகம் தேய்ப்பது குளிர்ந்த நிலையில் ஸ்டார்ட் பண்ணி, கொஞ்ச தூரம் ஓட்டி, அணைப்பதுதான். நாள் முழுக்கச் சூடு குறையாமல் பெங்களூர் ரோட்டில் ஓடுகிற டாக்சி, வீட்டில் நின்று கடைக்கு மட்டும் போய்வருகிற காரைவிட அதிக கிலோமீட்டர் தாங்குவதன் ரகசியம் இதுதான்.

அமெரிக்காவில் இர்வ் கார்டன் என்ற பள்ளி ஆசிரியர் 1966இல் வாங்கிய வோல்வோ காரை 2013இல் 30 லட்சம் மைல் தாண்டி ஓட்டினார். கிலோமீட்டரில் 48 லட்சத்துக்கு மேல். அவரும் தினம் நெடுஞ்சாலையில் நீண்ட தூரம் போய்வந்தவர், ஆயில் மாற்றத் தவறாதவர். கிரேக்க டாக்சி டிரைவர் கிரிகோரியோஸ் சாகினிடிஸின் மெர்சிடஸ் 240டி ஓடியது 46 லட்சம் கிலோமீட்டர். அவர் இன்ஜின்களை மாற்றி மாற்றிப் பொருத்திக்கொண்டே ஓட்டினார். அந்த இரண்டு பேரும் பஸ் ஸ்டாண்டில் அப்பாவுக்குப் பக்கத்தில் நின்றிருந்தால் பேச்சு முடிந்திருக்காது.

தொப்பூர் இறக்கத்தை விடாமல் சொல்ல வேண்டும். தர்மபுரியிலிருந்து சேலம் போகும்போது கட்டமேடு, இரட்டைப்பாலம் வழியாக இறங்குகிற அந்தச் சாலை எத்தனையோ உயிர்களை வாங்கியிருக்கிறது. டீசல் மிச்சம் என்று நியூட்ரலில் விட்டு இறங்கிய லாரிகளின் பிரேக் சூடேறிப் பிடிக்காமல் போனதுதான் பல விபத்துகளின் கதை. "எந்த கியர்ல ஏறுவியோ அதே கியர்ல எறங்கு" என்று அப்பா எனக்குச் சொல்லிக்கொடுத்தது அங்கேதான். இன்ஜினே வண்டியைப் பிடிக்கும், டிரம் காயாது, லைனிங் நிற்கும். திரும்பி ஏறி வந்ததும் மேலே நிறுத்தி டீ குடிப்பார். ஆனால் இன்ஜினை உடனே அணைக்க மாட்டார். தண்ணீர் சுற்றிச் சூடு தணிகிற வரை ஐட்லிங்கில் ஓடவிடுவார்.

டாக்சி என்பதால் வருஷத்துக்கொரு முறை எஃப்சிக்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, வண்டியைக் காட்ட வேண்டும் என்று அப்போது இருந்த சட்டமும் பெரிய உதவியாக இருந்தது. அலுத்துக்கொண்டாலும் டிங்கர், பெயின்ட், பிரேக், லைட், கிங்பின் எல்லாம் அந்தச் சாக்கில் பார்க்கப்பட்டுவிடும். சொந்தக் கார்க்காரர்களுக்கு அந்தக் கட்டாயம் இருந்ததில்லை. பல சொந்தக் கார்கள் துருப்பிடித்தே போயின.

2000இல் பிடதியிலிருந்து டொயோட்டா குவாலிஸ் வந்ததும் ஸ்டாண்டின் முகம் மாறியது. ஏசி, எட்டுப் பேர், தொப்பூரில் மூச்சு வாங்காத இன்ஜின். கூலண்ட் கேனோடு வந்ததால் தண்ணீர்ப் பிரச்சினையும் போயிற்று. பிறகு நான்கு வழிச்சாலை வந்தது, புழுதியும் குறைந்தது. இன்னோவாக்கள் இன்ஜினைத் தொடாமலே நான்கைந்து லட்சம் கிலோமீட்டர் ஓடுவதை நானே பார்க்கிறேன், சந்தோஷமாகத்தான் இருக்கிறது. ஆனால் இப்போது வருகிற பல சின்ன கார்களின் அலுமினிய பிளாக்குக்கு சைஸ் பிஸ்டனே கடையில் வருவதில்லை. தேய்ந்தால் பாதி இன்ஜினை அப்படியே வாங்கு என்கிறார்கள். அந்த விலைக்குப் பழைய காரே வந்துவிடும் என்பதால், வண்டி நேராக இரும்புக்கடைக்குப் போகிறது.

எங்கள் பட்டறை போரிங் மிஷின் இன்னும் ஓடுகிறது, பெரும்பாலும் டிராக்டருக்கு. பாலக்கோட்டுப் பையன் ஒருவன் வேலை பழகுகிறான். மைக்ரோமீட்டர் நன்றாகவே பார்க்கிறான். நகம் வைத்துப் பார்க்கவும் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.