ஹார்மோன் மாற்று சிகிச்சையும் மார்பக அடர்த்தியும்

மாதவிடாய் நின்றபின் வரும் திடீர் உடல்சூடு, இரவு வியர்வை, தூக்கமின்மை ஆகியவற்றைத் தணிக்க ஈஸ்ட்ரோஜனைத் தனியாகவோ புரோஜெஸ்டோஜனுடன் சேர்த்தோ கொடுப்பது ஹார்மோன் மாற்று சிகிச்சை. இது மார்பகத் திசுவையும் மாற்றுகிறது. அந்த மாற்றம் மேமோகிராமில் தெரிவதோடு, சில பெண்களுக்குப் புற்றுநோயைக் கண்டறிவதையும் கடினமாக்குகிறது.

மேமோகிராம் என்பது மார்பகத்தை இரண்டு தட்டுகளுக்கு நடுவில் அழுத்தி எடுக்கும் எக்ஸ்ரே. அதில் கொழுப்பு கருமையாகவும், பால்சுரப்பிகளும் நார்த்திசுவும் வெண்மையாகவும் விழும். புற்றுக்கட்டியும் வெண்மையாகவே விழும். சுரப்பியும் நார்த்திசுவும் மிகுந்த, அதாவது அடர்ந்த, மார்பகத்தில் கட்டியைத் தேடுவது வெள்ளைப் பனியன் துணியில் வெள்ளை நூல் தையலைத் தேடுவது போன்றது. அமெரிக்கக் கதிரியக்கவியல் கல்லூரி வகுத்த பைராட்ஸ் முறை அடர்த்தியை ஏ, பி, சி, டி என நான்காகப் பிரிக்கிறது. சி, டி இரண்டும் அடர்ந்தவை. அடர்த்தி கட்டியை மறைப்பதோடு நிற்பதில்லை, தானே ஒரு நோய் அபாயக் காரணியும்கூட.

வயது கூடக்கூடச் சுரப்பித்திசு சுருங்கி, அந்த இடத்தில் கொழுப்பு சேரும். ஹார்மோன் சிகிச்சை இந்த இயல்பான போக்கைத் தடுக்கிறது, சிலரிடம் திருப்பியும் விடுகிறது. எல்லா மருந்தும் ஒரே அளவில் இதைச் செய்வதில்லை. அமெரிக்காவின் பெப்பி ஆய்வில் ஓராண்டு முடிவில் அடர்த்தி வகை உயர்ந்தவர்கள், ஈஸ்ட்ரோஜன் மட்டும் பெற்றோரில் ஏறத்தாழ 3.5 சதவீதம், புரோஜெஸ்டோஜனும் சேர்த்துப் பெற்றோரில், மருந்தைப் பொறுத்து, 16 முதல் 24 சதவீதம் வரை. மருந்துப்போலி (மருந்தில்லாத மாத்திரை) பெற்ற குழுவில் எவருமில்லை. பெண்கள் நல முன்முயற்சி என்ற பெரிய ஆய்வின் 2005ஆம் ஆண்டு முடிவும் இதையே உறுதிசெய்தது: கூட்டு மருந்து பெற்றோரின் சராசரி அடர்த்தி ஓராண்டில் 6 சதவீதப் புள்ளிகள் கூடியது, மருந்துப்போலி பெற்றோருக்குச் சற்றே குறைந்தது. அந்தக் கூட்டு மருந்துப் பிரிவு, மார்பகப் புற்றுநோய் அபாயம் கூடியது உள்ளிட்ட காரணங்களால் 2002 ஜூலையில் முன்கூட்டியே நிறுத்தப்பட்டது.

கர்ப்பப்பை உள்ளவருக்கு ஈஸ்ட்ரோஜனை மட்டும் கொடுத்தால் கர்ப்பப்பை உட்சவ்வில் புற்று வரும் அபாயம் கூடும். அதனால்தான் புரோஜெஸ்டோஜன் சேர்க்கப்படுகிறது. கர்ப்பப்பையை எடுத்துவிட்டவருக்கு அது பொதுவாகத் தேவைப்படாது; அவர்களுக்கு அடர்த்தி மாற்றமும் குறைவு. டிபோலோன் மாத்திரை, பெண்ணுறுப்பில் இடும் குறைந்த அளவு ஈஸ்ட்ரோஜன் ஆகியவற்றால் அடர்த்தி பெரிதாக மாறுவதில்லை. சிகிச்சையை நிறுத்தினால் கூடிய அடர்த்தி பெரும்பாலும் இறங்கும். ஆனால் பரிசோதனைக்கு முன் ஓரிரு மாதம் மருந்தை நிறுத்திப் பார்த்த அமெரிக்க ஆய்வில், மறுபரிசோதனைக்கு அழைக்கப்படுவோர் எண்ணிக்கை குறையவில்லை. எனவே மேமோகிராமுக்காகத் தானாக மாத்திரையை நிறுத்துவதில் பயனில்லை.

இந்தியாவில் மேமோகிராம் வழியாக எல்லாப் பெண்களையும் பரிசோதிக்கும் தேசியத் திட்டம் இல்லை. அரசுத் திட்டம் 30 வயதுக்கு மேற்பட்டோருக்குப் பயிற்சி பெற்றோர் கையால் செய்யும் மார்பகப் பரிசோதனையையே பரிந்துரைக்கிறது. ஆகவே திருப்பூர்–அவிநாசி வட்டாரத்தில், திருமுருகன்பூண்டியைச் சுற்றியுள்ள பனியன் கம்பெனிகளில் தையலிலும் செக்கிங்கிலும் வேலை செய்யும் பெண் பலசமயம் ஏதோ தொந்தரவு தெரிந்த பிறகே மேமோகிராம் எடுக்கப் போகிறார். படத்தைப் படிக்கும் மருத்துவருக்கு மருந்துச் சீட்டு கிடைக்காவிட்டால், புதிதாகக் கூடிய வெண்மை மருந்தால் வந்ததா, நோயால் வந்ததா எனப் பிரித்தறிவது கடினம். ஹார்மோன் மாத்திரையின் பெயர், தொடங்கிய மாதம், கர்ப்பப்பை எடுத்த விவரம் மூன்றையும் பரிசோதனைக்கு முன்பே சொல்ல வேண்டும். மாதவிடாயைத் தள்ளிப்போட மெடிக்கலில் வாங்கிய ஹார்மோன் மாத்திரையையும் மறைக்கக் கூடாது. பழைய படங்கள் இருந்தால் எடுத்துச் செல்வது நல்லது, ஒப்பிட்டுப் பார்க்க அவைதான் உதவும்.

அடர்த்தி சி, டி என வந்தால் அல்ட்ராசவுண்ட் வேண்டுமா என மருத்துவரிடம் கேட்கலாம். கைக்குத் தட்டுப்படும் கட்டி இருந்தால், மேமோகிராம் அறிக்கை இயல்பு என்று சொன்னாலும் விட்டுவிடாதீர்கள். அல்ட்ராசவுண்டும், தேவைப்பட்டால் ஊசியால் திசு எடுத்துச் செய்யும் பரிசோதனையும் முடியும்வரை அந்தக் கட்டி சந்தேகத்துக்குரியதே.