கூடத்துக்கு வந்த கொட்டகை: உத்திரமேரூர் வட்டாரத்தில் வீட்டுத் திரையரங்கின் வரலாறு

உத்திரமேரூர் என்றதும் வரலாற்று நூல்கள் வைகுண்டப் பெருமாள் கோயில் மண்டபத்துக்குச் சென்றுவிடுகின்றன. முதலாம் பராந்தக சோழனின் ஆட்சியில், கி.பி. 919, 921 ஆகிய ஆண்டுகளில் வெட்டப்பட்ட குடவோலைக் கல்வெட்டுகள் அவ்வூருக்குத் தேடித் தந்த புகழ் அத்தகையது. அந்த வட்டாரத்தின் சென்ற நூறாண்டுக் கால வரலாறு, அதிலும் மக்கள் எதைக் கேட்டார்கள், எதைப் பார்த்தார்கள், அதற்கான கருவிகளை எங்கிருந்து சேர்த்தார்கள் என்பது, ஆய்வாளர்களின் கண்ணில் அவ்வளவாகப் படுவதில்லை. தொலைக்காட்சிப் பெட்டியோடும் ஒலிபெருக்கியோடும் இணைத்து, தட்டச்சு வேலைக்காக அல்லாமல் படம் பார்ப்பதற்காகவே கூடத்தில் வைக்கப்படும் கணினியை வீட்டுத் திரையரங்குக் கணினி என்பர். அது பெருநகரத்து வசதி படைத்தோரின் பொழுதுபோக்காகவே பொதுவாகக் கருதப்படுகிறது. காஞ்சிபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில் அது குறைந்த செலவில் உருவான வழியைப் பின்தொடர்ந்தால், அங்கே கணினி கடைசியாக வந்து சேர்ந்த உறுப்பு என்பதும், அதற்கு முன்பே ஒலிக்கருவிகளைக் கோக்கத் தெரிந்த மெக்கானிக்குகளின் தொழில் ஒன்று வேரூன்றியிருந்தது என்பதும் தெரியவரும்.

தமிழ்நாட்டில் படம் ஊர் ஊராகப் போகத் தொடங்கியது 1905-இல் ஆகும். திருச்சியில் ரயில்வே வரைபடப் பிரிவில் பணியாற்றிய சாமிக்கண்ணு வின்சென்ட், தூப்போன் என்ற பிரெஞ்சுக்காரரிடமிருந்து படம் காட்டும் கருவியை வாங்கி, கூடாரம் அடித்துக் காட்சிகள் நடத்தினார். பேசும் படம் வந்த 1931-க்குப் பிறகு இந்தக் கூடாரங்களே டூரிங் டாக்கீஸ் என்ற பெயரில் சிற்றூர்களின் ஓரங்களில் நிலைகொண்டன. ஒரே இடத்தில் நிலையாக இருக்க அவற்றுக்கு உரிமம் கிடையாது. 1955-ஆம் ஆண்டின் சினிமாக்கள் ஒழுங்குமுறைச் சட்டமும் அதன் விதிகளும் குறிப்பிட்ட காலத்துக்கே அனுமதி அளித்தன. பெரும்பாலான கொட்டகைகளில் ஒரே ஒரு புரொஜெக்டர்தான் இருந்தமையால், ரீல் மாற்றுவதற்காகப் படம் பலமுறை நின்றது. ஒரு படத்துக்கு மூன்று நான்கு இடைவேளைகள் விடப்பட்டமைக்கு முறுக்கு வியாபாரம் காரணமன்று. இங்கே கருத வேண்டியது வேறொன்று. கொட்டகைக்குள் மணலில் அமர்ந்தோருக்கே திரை தெரிந்தது. ஆனால் கம்பத்தில் கட்டிய குழாய் ஒலிபெருக்கியில் ஆட்டம் தொடங்குமுன் ஒலித்த இசைத்தட்டுப் பாட்டும், இரவுக் காற்றில் மிதந்து வந்த வசனமும் டிக்கெட் வாங்காத ஊர் முழுமைக்கும் கேட்டன. சினிமாவை முதலில் காதால் அறிந்த தலைமுறைகள் இவ்வாறு உருவாயின.

வானொலியும் அதே வழியில்தான் வந்தது. சென்னை மாநகராட்சி 1930-இல் ஒலிபரப்பைத் தொடங்கியபோது கடற்கரையிலும் பூங்காக்களிலும் ஒலிபெருக்கி வைத்தே மக்களைக் கேட்கச் செய்தது. 1938 ஜூன் 16 அன்று அகில இந்திய வானொலியின் சென்னை நிலையம் அப்பணியை ஏற்றது. விடுதலைக்குப் பின் பஞ்சாயத்து ரேடியோ ஊர்ப் பொதுச் சொத்தாயிற்று. தனி ஒருவர் வாங்க முடியாத கருவியைப் பொதுவில் வைத்துக் கேட்பது என்ற இந்த முறை, பின்னாளில் பஞ்சாயத்துத் தொலைக்காட்சி அறைக்கும் அப்படியே பொருந்தியது. சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்ட் 15 அன்று தொடங்கப்பட்டது. எனினும் சென்னையிலிருந்து சாலை வழியே ஏறத்தாழ 90 கிலோமீட்டர் தள்ளியிருந்த உத்திரமேரூர் பக்கத்தில் படம் புள்ளியின்றித் தெரிவதற்கு, மாடியின் மேல் உயர்ந்த இரும்புக் குழாயும், மீன்முள் வடிவ ஆன்டெனாவும், வலுவற்ற சமிக்ஞையைப் பெருக்கும் பூஸ்டர் என்ற சிறு பெட்டியும் தேவைப்பட்டன. ஒருவர் மாடியில் குழாயைத் திருப்ப, மற்றொருவர் திரையைப் பார்த்து "இப்போ தெரியுது, விடு" என்று கீழிருந்து குரல் கொடுப்பது அக்கால வீடுகளின் அன்றாடக் காட்சி. அரசு நிலையம் 'வயலும் வாழ்வும்' நிகழ்ச்சியை உழவருக்காக ஒளிபரப்பியது. கூட்டம் என்னவோ வெள்ளிக்கிழமை 'ஒலியும் ஒளியும்' நிகழ்ச்சிக்கே கூடியது.

1982-இல் வண்ண ஒளிபரப்பு வந்ததை அடுத்த சில ஆண்டுகளில் 'டெக்' என்று மக்கள் அழைத்த வீடியோ கேசட் பிளேயர் வாடகைத் தொழிலாக ஊர்களுக்குள் நுழைந்தது. வண்ணத் தொலைக்காட்சியும் டெக்கும் மூன்று அல்லது நான்கு கேசட்டுகளும் ஓர் இரவுக்கு வாடகையாக வந்தன; தெருவார் பணம் போட்டு விடியும்வரை பார்த்தனர். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, காரியம் என எந்த நிகழ்ச்சிக்கும் டெக் வந்தது. திரையரங்கு உரிமையாளர்களுக்கு இது பெரும் போட்டியாக இருந்ததாலும், அனுமதியற்ற காட்சிகளை அரசு கட்டுப்படுத்த விரும்பியதாலும், தொலைக்காட்சித் திரையில் கேசட் வழியே படம் காட்டுவதை ஒழுங்குபடுத்தத் தமிழ்நாடு 1984-இல் தனிச் சட்டமே இயற்றியது. வீட்டுத் திரையரங்கின் வரலாற்றை எழுதுவோர் இச்சட்டத்தைக் கடந்து செல்வது வியப்பளிக்கிறது. சினிமா கொட்டகையை விட்டு வெளியேறிவிட்டது என்பதை அரசே எழுத்தில் ஒப்புக்கொண்ட ஆவணம் அது.

இந்த இடத்தில் மெக்கானிக்கின் தொழிலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். திருமணத்துக்கும் திருவிழாவுக்கும் மைக் செட் கட்டிய சவுண்ட் சர்வீஸ் கடைகள், பழுதான ரேடியோவையும் டேப்ரெக்கார்டரையும் சரிசெய்த கடைகள் ஆகியவற்றில் பழகியவர்கள், ஒலிபெருக்கியைத் தாங்களே கோத்து விற்றனர். சென்னை அண்ணா சாலையை ஒட்டிய ரிச்சி தெரு அவர்களுக்கு உதிரிபாகக் களஞ்சியம். அங்கிருந்து வந்த பொருள்களுள் மிகப் புகழ்பெற்றது '4440' என்ற எண்ணால் அறியப்பட்ட ஐசி. ஐசி என்பது பல மின்னணு உறுப்புகளை ஒரே சில்லுக்குள் அடக்கிய தொகுப்புச் சுற்று. ஜப்பானின் சான்யோ நிறுவனம் கார் ரேடியோவுக்காக வடிவமைத்த இந்தச் சில்லு, இரு தடங்களுக்கும் தலா 6 வாட் ஒலித்திறன் தரும். இரண்டையும் இணைத்து ஒரே தடமாக்கினால் 19 வாட் வரை கிடைக்கும். சில்லின் முதுகில் வெப்பம் தணிக்க அலுமினியத் தகடு ஒன்றை முடுக்கி, 12 வோல்ட் டிரான்ஸ்பார்மரோடு இணைத்து, தகரப் பெட்டிக்குள் வைத்து, முகப்பில் வால்யூம், பாஸ், ட்ரெபிள் என மூன்று திருகிகளைப் பொருத்தினால் 'ஆம்ப்' தயார். 12 வோல்ட்டில் இயங்குவதால், மின்சாரம் போனாலும் டிராக்டர் பேட்டரியில் அது பாடும். ஸ்பீக்கரை வைக்க மரப்பெட்டி வாங்க இயலாதோர் மண்பானையின் வாயில் ஸ்பீக்கரைக் கவிழ்த்து வைத்தனர். ஸ்பீக்கரின் பின்புற ஒலி முன்புற ஒலியோடு கலந்து அதை அழிக்காதவாறு பானை தடுத்ததால், தாழ்ந்த ஒலி மிகுந்து கேட்டது. கேலிக்குரியதாகத் தோன்றினாலும், பெட்டி ஸ்பீக்கரின் அடிப்படைக் கோட்பாடும் அதுவே.

1993 ஏப்ரல் 14 அன்று சன் டிவி தொடங்கியதும் கேபிள் வழியே படமும் பாட்டும் நாள்தோறும் வீட்டுக்குள் வரலாயின. டெக் வாடகை மெல்லத் தேய்ந்தது. அதை அடுத்து வந்த விசிடி ஒரு வட்டுக்கு 74 நிமிடப் படத்தையே கொள்ளும். எனவே தமிழ்ப் படம் ஒன்றுக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டன. சென்னை பர்மா பஜாரில் திருட்டு வட்டுகள் குவிந்தன. மோசர் பேர் நிறுவனம் முறையான உரிமை பெற்ற படங்களை விசிடியாக 28 ரூபாய்க்கும் டிவிடியாக 34 ரூபாய்க்கும் விற்று அதற்கு விடை தேட முயன்றது. திரையரங்குகளில் பலதட ஒலி பரவியதும் இதே காலத்தில்தான். 1995-இல் வெளியான 'குருதிப்புனல்' டால்பி ஸ்டீரியோ ஒலியுடன் வந்த தொடக்க காலத் தமிழ்ப் படங்களுள் ஒன்று. முன்னால் மூன்று, பின்னால் இரண்டு, தாழ்ந்த ஒலிக்கென ஒன்று என ஆறு ஸ்பீக்கர்களைக் கொண்ட 5.1 முறையை, டிவிடி பிளேயரின் ஆறு ஒலித்துளைகளிலிருந்து எடுத்து ஆறு சிறு போர்டுகளுக்குப் பிரித்துக் கொடுக்கவும் மெக்கானிக்குகள் கற்றுக்கொண்டனர். வீட்டில் படம் 14 அங்குலத்தில் ஓட, ஒலி மட்டும் கொட்டகை அளவுக்கு எழுந்தது. குறைந்த பணத்தில் முதலில் எதை வாங்குவது என்ற கேள்விக்கு இவ்வட்டாரம் எப்போதும் ஒலி என்றே விடை சொல்லிவந்திருக்கிறது.

கணினி இந்த வரிசையில் சேர்ந்தது இரு அரசுத் திட்டங்களுக்கு இடையில். 2006 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டம், 2011 வரை ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகளை வீடுகளில் சேர்த்தது. பஞ்சாயத்து அறைத் தொலைக்காட்சிக்கு அதன்பின் வேலையில்லை. 2011 செப்டம்பர் 15 அன்று தொடங்கிய மடிக்கணினித் திட்டம், அரசுப் பள்ளி, அரசு உதவிபெறும் பள்ளிகளின் மேனிலை மாணவரிடம் கணினியைக் கொடுத்தது. தொடக்கத்தில் அதில் விண்டோஸ் 7 இயங்குதளத்தோடு, சி-டாக் நிறுவனம் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. பாடத்துக்காகத் தரப்பட்ட அந்தக் கணினி மாலையில் ஒரு சிறு ஒலிக்கம்பியால் கூடத்து ஆம்ப்போடு இணைக்கப்பட்டது என்பதைத் திட்டத்தின் தோல்வியாகச் சிலர் எழுதியுள்ளனர். கருவி ஒன்று வீட்டுக்குள் வந்தபின் அதன் பயனை முடிவு செய்வது வீட்டாரே என்பதை அவர்கள் எண்ணிப் பார்க்கவில்லை.

ஒலியை இணைப்பது எளிது. படத்தை இணைப்பதில்தான் சிக்கல். பழைய குழாய்த் தொலைக்காட்சி மஞ்சள் நிறத் துளை வழியே வரும் படத்தை 576 கோடுகளாகவே காட்டும். கணினித் திரையின் நுண்ணிய எழுத்துகள் அதில் கலங்கித் தெரிந்தன, ஓரங்களும் சட்டத்துக்குள் மறைந்தன. ஆகவே சிலர் எதிர்வழியில் சென்றனர்: டிவி டியூனர் என்ற பெட்டியை வாங்கி, கேபிள் கம்பியை அதில் செருகி, கணினியின் மானிட்டரையே தொலைக்காட்சியாக்கினர். படமும் ஒலியும் ஒரே கம்பியில் செல்லும் எச்டிஎம்ஐ முறை 2002-இல் வகுக்கப்பட்டது. அதை ஏற்கும் தட்டைத் திரைத் தொலைக்காட்சிகள் நடுத்தர வீடுகளின் விலைக்கு இறங்கிய பின்னரே கணினி உண்மையில் கூடத்துக்கு உரியதாயிற்று. ஸ்ரீபெரும்புதூரில் 2006-இல் நோக்கியாவும் 2007-இல் தொலைக்காட்சி தயாரித்த சாம்சங்கும் ஆலைகளைத் தொடங்கியதால், கம்பெனி பஸ் ஏறி வேலைக்குப் போன இளைஞர்களின் மாதச் சம்பளம் உத்திரமேரூர் போன்ற வேளாண் வட்டாரங்களிலும் தவணைக்குப் பொருள் வாங்கும் துணிவைத் தந்தது.

மேலை நாடுகளில் வீட்டுத் திரையரங்குக் கணினி ஒரு மென்பொருள் இயக்கமாக வளர்ந்திருந்தது: 2002-இல் மித்டிவி, அதே ஆண்டில் மைக்ரோசாஃப்டின் மீடியா சென்டர் பதிப்பு, எக்ஸ்பாக்ஸ் விளையாட்டுப் பெட்டிக்காகத் தோன்றி 2014-இல் கோடி எனப் பெயர் மாறிய மென்பொருள். கோடி இலவசமானது, தமிழ் இடைமுகமும் அதற்கு உண்டு. சிற்றூர்களில் இந்தப் பெயர்களை அறிந்தோர் சிலரே. வன்தட்டில் உள்ள கோப்பை விஎல்சி என்ற மென்பொருளில் திறந்து பார்ப்பதே பெருவழக்கு. கணினிப் பெட்டியும் புதிதன்று. சென்னை அலுவலகங்கள் கழித்துவிட்ட கணினிகள் ரிச்சி தெருவில் செகண்ட் ஹேண்டாக விற்கப்பட்டன. அவற்றை வாங்குவோர் கவனித்தது செயலியின் வேகத்தை மட்டுமன்று; சுருக்கி வைத்த படத்தை விரிக்கும் வேலையைச் செய்யத் தனிச் சுற்று அதில் உள்ளதா என்பதையும் பார்த்தனர். 2011-இல் வந்த இன்டெலின் இரண்டாம் தலைமுறை கோர் செயலிகளில் அந்தச் சுற்று தேர்ந்த நிலையில் இருந்தமையால், தனி கிராஃபிக்ஸ் கார்டு வாங்கும் செலவு மிச்சமாயிற்று.

மின்வெட்டு மற்றொரு கணக்கைப் புகுத்தியது. 2012-இல் தமிழ்நாட்டின் ஊரகப் பகுதிகளில் நாளின் பாதிக்கும் மேல் மின்சாரம் இல்லாத நாள்கள் இருந்தன. பல பத்து வாட் இழுக்கும் மேசைக் கணினி இன்வெர்ட்டர் பேட்டரியை விரைவில் வற்றச் செய்தது. அவ்வாண்டு பிப்ரவரி 29 அன்று பிரிட்டனில் வெளியான ராஸ்பெர்ரி பை என்ற உள்ளங்கை அளவுப் பலகைக் கணினி 35 டாலர் விலையில், 5 வோல்ட் போன் சார்ஜரில் இயங்கியது. எச்டிஎம்ஐ கம்பி வழியாகவே தொலைக்காட்சியின் ரிமோட்டுக்கும் கட்டுப்பட்டது. ஆனால் டிவிடிகளில் உள்ள எம்பெக்-2 வடிவப் படத்தை வன்பொருள் துணையோடு விரிக்க அதற்குத் தனி உரிமச் சாவி வாங்க வேண்டியிருந்தது. பழைய வட்டுகளை நிறைய வைத்திருந்தோருக்கு அது இடைஞ்சலே.

2016 செப்டம்பரில் ஜியோ நிறுவனத்தின் சேவை வந்து கைப்பேசி இணையம் மலிவானதும் கோப்புகளைச் சேர்த்து வைக்கும் தேவை குறைந்தது. தொலைக்காட்சிக்குள்ளேயே கணினி அடங்கிய ஸ்மார்ட் டிவிகளும், பின்புறம் செருகும் குச்சிகளும் தனிப் பெட்டியின் இடத்தைப் பிடித்தன. பல வீடுகளில் அப்பெட்டி பிள்ளைகளின் படிப்பு மேசைக்குத் திரும்பியது. எனினும் மெல்லிய தொலைக்காட்சிகளின் உடலில் நல்ல ஸ்பீக்கருக்கு இடமில்லை. பலவற்றில் பழைய சிவப்பு, வெள்ளை ஒலித்துளைகளும் எடுக்கப்பட்டுவிட்டன. ஒளிக்கற்றையாக வெளிவரும் எண்ணிம ஒலியைப் பழைய ஆம்ப்புக்கு ஏற்ற மின்னலையாக மாற்றும் சிறு பலகையைத் தகரப் பெட்டிக்குள் சேர்த்துப் பற்றவைப்பதே இன்று ஊர் மெக்கானிக்கிடம் வரும் புதிய வேலை.