மூன்று ஏடுகள்

1957ஆம் வருஷம் ஏப்ரல் 17ஆம் தேதி. வாஷிங்டனில் ராணுவ ஆராய்ச்சிக்கூடம் ஒன்றில் வேலை பார்த்த மாரிஸ் ஹில்லெமன் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தார். ஹாங்காங்கில் விஷ ஜுரம். இரண்டரை லட்சம் பேர் படுத்துவிட்டார்கள். கண் சொருகிய குழந்தைகளை முதுகில் கட்டிக்கொண்டு தாய்மார்கள் வைத்தியசாலை வாசலில் காத்து நிற்கிறார்கள். மற்றவர்கள் படித்துவிட்டுப் பக்கத்தைப் புரட்டியிருப்பார்கள். அவர் புரட்டவில்லை.

ஹாங்காங் போய் வந்து ஜுரத்தில் விழுந்த அமெரிக்க மாலுமி ஒருவன் தொண்டை கொப்பளித்த நீரை வரவழைத்தார். அதிலிருந்து வைரஸைப் பிரித்து, பல நூறு பேருடைய ரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தார். யாருடைய ரத்தத்துக்கும் அதை அடையாளம் தெரியவில்லை. எழுபது, எண்பது வயதான சில கிழவர்களின் ரத்தத்துக்கு மட்டும் தெரிந்தது! 1889-90இல் உலகைச் சுற்றிய ஜுரத்தைக் கண்டவர்கள் அவர்கள். பேரன் பெயரைக்கூட மறந்துவிடுகிற வயதில் ரத்தம் மட்டும் மறக்கவில்லை.

அந்த வைரஸ் பிறந்த கதை பின்னால்தான் புரிந்தது. இன்புளூயன்ஸா வைரஸின் பாரம்பரியம் முழுவதும் எட்டுத் தனித்தனித் துண்டுகளில் இருக்கிறது. கயிறு கோக்காத ஓலைச்சுவடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு ஜாதி வைரஸ்கள் ஒரே உயிரணுவுக்குள் புகுந்தால் ஏடுகள் கலந்துவிடும். 1957இன் சுவடியில் ஐந்து ஏடுகள் 1918 முதல் மனிதரிடையே உலவிய வைரஸினுடையவை. மூன்று, பறவை வைரஸினுடையவை. அந்த மூன்றில் இரண்டு, மேலுறைப் புரதங்களுக்கானவை. ரத்தம் ஆளை அடையாளம் காண்பது அந்த உறையைப் பார்த்துத்தான். பழைய நாவலுக்குப் புது அட்டை போடும் வித்தை நம் பதிப்பாளர்களுக்கு மட்டும் தெரிந்ததல்ல!

மே மாதம் சிங்கப்பூரிலிருந்து வந்த கப்பலில் ஜுரம் சென்னைத் துறைமுகத்தில் இறங்கி, தேசமெங்கும் பரவியது. அமெரிக்காவில் ஹில்லெமன், சேவல்களைக் கொல்லாதீர்கள் என்று சொல்லிக்கொண்டிருந்தார். அன்று தடுப்பு மருந்து கருவுற்ற முட்டையில்தான் வளர்ந்தது. சேவல் இல்லாமல் அந்த முட்டை ஏது? சுமார் நாலு கோடி ஊசிக்கு மருந்து தயாராயிற்று. இருந்தும் உலகில் பத்து லட்சம் பேருக்குமேல் மாண்டார்கள்.

1968இல் மறுபடியும் ஹாங்காங். இம்முறை மாறியவை இரண்டே ஏடுகள். மேலுறையின் ஒரு புரதம் பழையதே. 1957இல் படுத்து எழுந்தவர்களின் ரத்தம் அதைப் பாதியாவது அடையாளம் கண்டுகொண்டது. வருஷாவருஷம் இன்றும் வருகிற ஜுரங்களில் ஒன்று அந்த 1968ஆம் வருஷத்து வாரிசு. அன்று சென்னையில் கப்பலிறங்கியதன் ஏடு அதில் இன்னும் இருக்கிறது.