காங்கிரிகேஷனல் திருச்சபை: ஆளுகையும் வருவாயும்

இங்கிலாந்தில் 16ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தோன்றிய சீர்திருத்தக் கிறிஸ்தவ மரபு. இதில் பேராயர் கிடையாது. ஓர் ஊரில் உடன்படிக்கை செய்து கூடிய விசுவாசிகளே முழுமையான சபை. போதகரை அழைப்பது, அனுப்புவது, உறுப்பினரைச் சேர்ப்பது, நீக்குவது, கணக்குப் பார்ப்பது எல்லாம் சபைக் கூட்டத்தின் வேலை.

திருச்சபையை அரசு வந்து திருத்தட்டும் என்று காத்திருக்கத் தேவையில்லை என 1582இல் நூல் எழுதியவர் ராபர்ட் பிரௌன். பிற்காலத்தில் அவரே ஆங்கிலிக்கன் சபைக்குத் திரும்பிவிட்டார். இதே போக்கில் சென்ற ஹென்றி பாரோவும் ஜான் கிரீன்வுட்டும் 1593இல் தூக்கிலிடப்பட்டனர். 1620இல் மேஃபிளவர் கப்பலில் இம்மரபைச் சேர்ந்த ஒரு குழு அமெரிக்காவின் பிளிமத்துக்குப் போய்ச் சேர்ந்தது. மாசசூசெட்ஸில் 1648இல் உருவான கேம்பிரிட்ஜ் சாசனம், சபைகள் மாமன்றமாகக் கூடி ஆலோசனை சொல்ல இடம் தந்தது. எந்தச் சபையையும் தண்டிக்கும் அதிகாரத்தை அந்த மன்றத்துக்குத் தரவில்லை.

பணம்தான் சிக்கல். நியூ இங்கிலாந்தில் போதகர் சம்பளம் ஊர்வரியிலிருந்து வந்தது. பல ஊர்களில் குளிர்காலத்துக்கான விறகும் அதில் சேர்த்தி. ஆனால் வரி கட்டிய எல்லாரும் சபையின் உறுப்பினர்கள் அல்லர். முறைப்படி சேர்க்கப்பட்டவர்களுக்கே திருவிருந்து. அப்படியானால் போதகரைத் தேர்வது யார்? மாசசூசெட்ஸின் டெடம் ஊரில் 1818இல் இந்தக் கேள்வி வெடித்தது. வரி கட்டுவோர் தாராளக் கொள்கையுடைய ஆல்வன் லாம்சனை அழைத்தார்கள். உறுப்பினரில் பெரும்பாலோர் ஒப்பாமல் வெளியேறினார்கள். சபைச் சொத்து யாருக்கு என்று வழக்கு. வெளியேறியவர் எத்தனை பேரானாலும், ஊரமைப்போடு தங்கியவர்களே சபை என்று 1820இல் மாநில உச்ச நீதிமன்றம் தீர்த்தது. காசு கொடுத்தவன் கையில் கோயில் சாவி! கனெக்டிகட்டில் 1818இலும் மாசசூசெட்ஸில் 1833இலும் வரி ஆதரவு நின்றது. பிறகு இருக்கை வாடகையும் காணிக்கையும்தான். நல்ல இருக்கைக்குக் கூடுதல் விலை.

1810இல் தொடங்கிய இச்சபையாரின் மிஷன் அமைப்பான அமெரிக்கன் போர்டு, 1816இல் யாழ்ப்பாணத்திலும் 1834இல் மதுரையிலும் பணி தொடங்கியது. தன்னாட்சி பேசிய மரபு இங்கே தலைகீழானது: பணம் அமெரிக்காவிலிருந்து வர, முடிவும் மிஷனரிகளிடமே இருந்தது. போர்டின் செயலர் ரூஃபஸ் ஆண்டர்சன் 1855இல் நேரில் வந்து, உள்ளூர்ப் போதகரும் உள்ளூர்க் காணிக்கையும் வேண்டுமென வற்புறுத்தினார். போர்டு யாழ்ப்பாணத்தில் நடத்திய வட்டுக்கோட்டை செமினரி மூடப்பட்டதும் அந்த ஆண்டில்தான். உலையில் போடுமுன் ஒரு பிடியை ஒதுக்கிவைக்கும் பிடியரிசிக் காணிக்கை தமிழ்ச் சபைகளுக்குக் கைகொடுத்தது.

இச்சபைகள் 1908இல் தென்னிந்திய ஐக்கிய சபையிலும், 1947இல் தென்னிந்தியத் திருச்சபையிலும் இணைந்தன. பேராயர்கள் உள்ள அந்த அமைப்பில் யாழ்ப்பாணத்தின் முதல் பேராயரானார் சபாபதி குலேந்திரன். அமெரிக்காவில் பெரும்பாலான சபைகள் 1957இல் கிறிஸ்துவின் ஐக்கிய சபையில் சேர்ந்தன. அங்கே கட்டடமும் நிலமும் இன்றும் அந்தந்தச் சபைக்கே சொந்தம். மேலமைப்புக்கு அனுப்பும் தொகை விருப்பக் காணிக்கை.